பெட்டிக்கு வெளியே நிற்பவர்

தெரியாது என்று சொல்லிவிட்டேன். "போட்டோஷாப் தெரியுமாம்மா?" என்று ஜெப்ரின் சார் கேட்டபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த என் பயோடேட்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் சொல்வது சுலபமாக இருந்தது. "தெரியாது சார். கோடிங் தெரியும். பக்கம் கட்டத் தெரியும்." "கொஞ்சம்கூடவா தெரியாது?" "தெரியாது சார்." உதட்டைப் பிதுக்கினார். வெப் டிசைனர் வேலைக்கு வருகிற எல்லாரும் அதைத்தான் முதல் வரியில் எழுதுவார்களாம், எழுதாத ஆள் நான் ஒருத்திதானாம். "சரி பரவால்ல உலகேஸ்வரி, டெஸ்ட் ஒண்ணு தாறேன், மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சிருங்க, பாப்போம்" என்று சொல்லி ஜன்னலோரத்துக் கம்ப்யூட்டரில் உட்காரவைத்துவிட்டுப் போனார். வண்ணார்பேட்டை பைபாஸ் கீழே ஓடுகிறது, பஸ் பிரேக் பிடிக்கிற சத்தம் கண்ணாடியைத் தாண்டி வருகிறது, ஏசி என் பிடரியைப் பார்த்தே ஊதுகிறது. தெரியாதாம் எனக்கு. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் கந்தையா அண்ணாச்சியின் பிளெக்ஸ் கடையில் போய்க் கேட்டால் தெரியும் எனக்கு என்ன தெரியாது என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், நான் ஒரு தோட்டத்தையே மறைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். பொய்தான். ஆனால் இந்தப் பொய்யைச் சொல்லாவிட்டால் முதல் நாளே யாருடைய முகத்தையாவது என் கையில் கொடுத்துவிடுவார்கள், முகம் இல்லாத வேலை வேண்டும் என்றுதானே அந்தக் கடையை விட்டுவிட்டு இதைப் படித்தேன். இந்த வேலை கிடைக்க வேண்டும். போட்டோஷாப்பைத் தொடாமல் கிடைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்குமா என்பது சாப்பாட்டு நேரத்துக்குள் தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டர் சென்டரில் இதே சண்டைதான் ஓயாமல் நடக்கும். காலை வகுப்பு ரெஜினா மிஸ் சொல்வார்கள், போட்டோஷாப் தெரியாமல் வெப் டிசைனர் என்று சொல்லிக்கொள்வது நீச்சல் தெரியாதவன் மீன் பிடிக்கப் போன கதைதான் என்று. சாயந்தர வகுப்பு அந்தோணிசாமி சார் அதைக் கேள்விப்பட்டு, "கரையில உக்காந்து தூண்டில் போடுதவனும் மீன்தானப்பா பிடிக்கான்" என்பார். ரெஜினா மிஸ் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. படத்தின் எடையைக் குறைக்கத் தெரியாமல் பக்கத்தில் போட்டால் ஊர்ப்பக்கம் போனில் அது திறப்பதற்குள் ஆள் எழுந்து போய்விடுவான். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட்டால் கண் மூச்சுவிடும் என்பதை நான் பிளெக்ஸ் கடையில்தான் கற்றேன், கோடிங் எனக்கு அதைச் சொல்லித்தரவில்லை. அது உண்மை. ஆனால் அந்தோணிசாமி சார் சொன்னதும் உண்மை, பிளெக்ஸ் என்றால் பத்துக்கு எட்டு என்றால் பத்துக்கு எட்டுதான், ஆணியடித்த மாதிரி நிற்கும், வெப் பக்கம் அப்படி நிற்காது, போனில் ஒடுங்கும், லேப்டாப்பில் விரியும், ஆளுக்குத் தகுந்த மாதிரி மாறும், அதைக் கட்டுகிறவனுக்கு வெட்டி ஒட்டுகிற புத்தி இருந்தால் இடைஞ்சல்தான். "படம் வெட்டித் தர தெருவுக்கு ஒரு ஆள் இருக்கான். நீ பெட்டியக் கட்டு" என்றார். பெட்டியைக் கட்டு. எனக்கு அந்த வார்த்தை பிடித்திருந்தது. பெட்டிக்குள் எழுத்து, பெட்டிக்குள் பெட்டி, முகம் யார் கொண்டுவந்து வைத்தாலும் சரி, நான் அதை உற்றுப் பார்க்க வேண்டாம். அன்றைக்கே காலை வகுப்பிலிருந்து சாயந்தர வகுப்புக்கு மாறிக்கொண்டேன், ரெஜினா மிஸ் கேட்டதற்குப் பஸ் வசதி என்றேன்.

டெஸ்ட் எளிதாகத்தான் இருந்தது. ஒரு ஜவுளிக்கடைக்கு 'எங்களைப் பற்றி' என்று ஒரு பக்கம். நாலு பத்தி எழுத்து, கடை முகவரி, ஒரு படம். படத்தைத் திறந்தேன். கடை வாசலில் அண்ணனும் தம்பியும் நிற்கிறார்கள். இடது ஓரத்தில் அண்ணன், வெள்ளை வேட்டி சட்டை, கனத்த மீசை, தம்பியின் தோளில் கை போட்டிருக்கிறார். தம்பி சிரிக்கிறார். வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற ஆள் போல, ஆனாலும் கண் மாட்டிக்கொடுக்கிறது. படத்துக்குக் கீழே ஜெப்ரின் சார் எழுதியிருந்தார், இடது பக்கம் நிற்பவர் இல்லாமல் வர வேண்டும் என்று. ஏன் சார் என்று கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன். "அவரு போன வருஷம் தவறிட்டாரும்மா. கடையோட வெப் பக்கம் புதுசாத் தொறக்கப்போகுது, இறந்தவரு நின்னுக்கிட்டிருக்க மாதிரி முகப்புல போட்டா மங்களமா இருக்காதுன்னு வீட்டுப் பொம்பளைங்க சொல்லுதாங்களாம். தனியா மாலை போட்டு மேல வச்சிக்கிடலாம்." "வேற படம் இல்லையா சார்?" "தம்பி குமரேசன் அண்ணாச்சி சிரிச்ச படம் இது ஒண்ணுதானாம். எங்கிட்டயே சொல்லிச் சிரிச்சாரு, இல்ல, சிரிக்கல" என்றார் சார், அவரும் சிரிக்கவில்லை. "போட்டோஷாப் தெரியலன்னா உங்களுக்குத் தெரிஞ்ச வழியில பண்ணுங்க, அதான் டெஸ்டே." திரையின் அடியில் வரிசையாக நிற்கிற ஐகான்களில் போட்டோஷாப்பின் அந்த நீலச் சதுரமும் நிற்கிறது. நான் அதைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அது எங்கே இருக்கிறதென்று தெரிகிறது, இருட்டில் வீட்டு ஸ்விட்ச் எங்கே என்று தெரிவது போல.

என் இடதுகைப் பெருவிரல் துடிக்கிறது. இது எப்போதும் வருவதுதான். முகத்தைப் பார்த்தால் வரும். ஆல்ட் பட்டனை அமுக்கிக்கொண்டு ஓரிடத்தில் தோலை எடுத்து இன்னோரிடத்தில் பூச வேண்டும், எடு, பூசு, எடு, பூசு, நாள் பூராவும் அந்தப் பெருவிரல் அதே வேலையாக இருந்தது. கந்தையா அண்ணாச்சி கடையில் கல்யாண பேனர் வரும், காதுகுத்து வரும், கட்சிக்காரன் பிறந்தநாள் வரும், ஆனால் தவறாமல் வருவது கண்ணீர் அஞ்சலிதான். நல்ல போட்டோ இருந்தால் பிரச்சனை இல்லை. எடுத்துவைக்காதவர்கள் எத்தனையோ பேர். சாகிற வரைக்கும் ஒரு படத்துக்கு நின்றிராத ஆட்கள். அவர்களை நாற்காலியில் சாத்தி வைத்தோ படுக்கையிலோ போனில் எடுத்துக்கொண்டு வருவார்கள். நெற்றியில் ஒட்டின ஒற்றை ரூபாய்க் காசை முதலில் எடுக்க வேண்டும். தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் முடிந்த துணியை எடுக்க வேண்டும். மூக்குப் பஞ்சை எடுக்க வேண்டும். அப்புறம் கண். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பெண்கள் அழுதுகொண்டிருப்பார்கள், அண்ணாச்சி உள்ளே வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "ஏ உலகு, கண்ணத் தொறந்து விடு தாயி, அவுக காத்துக் கெடக்காவ" என்பார். கண்ணுக்குக் கண் வேண்டும். செத்தவரின் தம்பி, மகன், சில சமயம் மகள், சாயல் யாருக்கு ஒட்டுகிறதோ அவரைச் சுவர் பக்கம் நிறுத்திப் படம் எடுத்து, அந்தக் கண்ணை எடுத்து வைப்பேன். என்னைப் போல யாருக்கும் வராது என்பார்கள். உண்மைதான், மற்ற கடைக்காரன் வைத்த கண் முழிக்கும், நான் வைத்த கண் பார்க்கும். வெளியே கொண்டுபோய்க் காட்டினால் அழுகை ஒரு நிமிஷம் நின்றுவிடும். நின்று, அப்புறம் முன்னிலும் பெரிதாக வரும். எனக்கு அப்போது பயமே கிடையாது. மதியம் நன்றாகச் சாப்பிடுவேன். பயம் எங்கேயோ வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருந்திருக்கிறது.

அப்பா குட்டியானை லோடு வண்டி ஓட்டினார். உப்பு, சிமெண்டு, வாழைத்தார், எது கிடைத்தாலும் ஏற்றுவார். படம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கல்யாண வீடுகளில் மேடைக்குக் கூப்பிட்டால் பந்தியில் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். வாக்காளர் அட்டையில் ஒரு முகம் இருந்தது, அதில் மீசை இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டிப்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. போஸ்டர் அடிக்கப் படம் வேண்டும் என்றதும் மாமா என் போனை வாங்கிக்கொண்டு போனார், அதில்தான் கேமரா நன்றாக இருக்கும் என்று நானே பெருமையாக ஒருமுறை சொல்லியிருந்தேன். அம்மா அப்பாவின் கன்னத்தில் கை வைத்திருந்தாள். "கைய எடுக்கா, படம் எடுக்கணும்" என்றார் மாமா. அம்மா எடுக்கவில்லை. யார் யாரோ சொல்லிப் பார்த்தார்கள். எடுக்கவில்லை. கையோடேதான் எடுத்தார்கள். கடைக்குப் போனபோது அண்ணாச்சி, "நீ பண்ண வேண்டாம் தாயி, ஜங்ஷன் கடையில குடுத்து அடிச்சிக்கிடுவோம்" என்றார். ஜங்ஷன் கடைக்காரன் வைக்கிற கண் எனக்குத் தெரியும். அவன் கையில் என் அப்பாவைக் கொடுக்கவா. நானே உட்கார்ந்தேன். காசை எடுத்தேன். துணியை எடுத்தேன். பஞ்சை எடுத்தேன். அம்மாவின் கையை எடுத்தேன். அந்தக் கை இருந்த இடத்தில் கன்னம் இல்லை, இருக்கத்தானே செய்யாது, மறு கன்னத்திலிருந்து தோலை எடுத்து எடுத்துப் பூசி ஒரு கன்னம் உண்டாக்கினேன். அப்புறம் கண். அப்பாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது, வீட்டில் பிள்ளை என்று நான் ஒருத்திதான். அப்பனை உரித்து வைத்திருக்கிறாள் என்றுதான் பிறந்ததிலிருந்து எல்லாரும் சொல்வார்கள். சுவர் பக்கம் போய் நின்று என்னை நானே படம் எடுத்துக்கொண்டேன். மையைக் கழுவிவிட்டு எடுத்தேன். என் கண்ணை எடுத்து அப்பாவுக்கு வைத்தேன். இமை முடியைக் குறைத்து, ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு ஏற்றி, கீழே சுருக்கம் வரைந்து. அது பார்த்தது.

அதைத்தான் பிரேம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறது. மேலே ஒரு சின்னச் சிவப்பு பல்பு. "ஏட்டி உலகு, எங்க நின்னாலும் நம்மளயே பாக்காவ பாத்தியா" என்று அம்மா சொல்வாள். பார்க்கத்தான் செய்யும், நான் கேமராவை நேராகப் பார்த்தேனே. என் கண்தான் என்று அம்மாவுக்குத் தெரியும், மறைக்கவில்லை, அன்றைக்கே சொன்னேன், அதனால் என்ன என்றாள், அவுக கண்ணுதான ஒனக்கு வந்தது என்றாள். நியாயம்தான். அம்மாவுக்கு அது போதும். காலையில் அதன் முன்னால் நின்று காப்பி குடிக்கிறாள், உப்பு தீர்ந்ததைச் சொல்கிறாள், இன்றைக்கு என் இன்டர்வியூவைச் சொல்லியிருக்கிறாள். எனக்குத்தான் முடியவில்லை. தலை வாரும்போது கண்ணாடியில் திரும்பினால் படத்தில் இருப்பவர் திரும்புகிறார். பஸ் ஜன்னலில் தெரிகிற என் முகத்தில் மீசை இல்லாததுதான் குறை. ராத்திரி என்றில்லை, பட்டப்பகலில், பல் தேய்க்கும்போது. இது போகட்டும். இதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அப்பா யாரையும் நேராகப் பார்த்துப் பேசவே மாட்டாரே, அதுதான் முள்ளாக நிற்கிறது. தலையைக் குனிந்துகொண்டு பேசுவார், அல்லது ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசுவார். வண்டியில் போகும்போது பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு கீற்று தெரியும், அதில்தான் என்னைப் பார்ப்பார், நான் பார்த்தால் ரோட்டுக்குத் திரும்பிக்கொள்வார். அந்தக் கீற்றை நினைத்துப் பார்க்கிறேன். பக்கவாட்டுக் கண்ணாடி வருகிறது, அதில் தொங்குகிற எலுமிச்சம்பழக் கயிறு வருகிறது, கண்ணாடிக்குள் கண் வருகிறது, என் கண் வருகிறது. கன்னத்தை நினைத்தால் நான் பூசின கன்னம் வருகிறது. மூக்கும் காதும் மீசையும்தான் அவருடையது, மிச்சம் என் கைவேலை, அந்தக் கைவேலை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு உள்ளே இருந்தவரை வெளியே அனுப்பிவிட்டது. அசல் படம் போனில் இருக்கிறது. போன் மாற்றினேன், அதுவும் கூடவே வந்தது. அழிக்கவில்லை, திறக்கவும் இல்லை. திறந்து பார்த்து, யார் இவர் என்று எனக்குத் தோன்றிவிட்டால் என்ன செய்வேன். அந்த பயத்தில்தான் கடையை விட்டேன். அண்ணாச்சியிடம் கண் வலிக்கிறது என்றேன், அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

அதனால் நீலச் சதுரத்தைத் தொடவில்லை. பெட்டியைக் கட்டினேன். எழுத்து ஒரு பக்கம், படம் ஒரு பக்கம், நடுவில் மூச்சுவிட இடம். படத்துக்கு ஒரு பெட்டி, பெட்டி சின்னது, படம் பெரியது, வழிகிறதை மறை என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும், பெட்டிக்குள் அடங்குவது மட்டும் தெரியும். படத்தை இடது பக்கமாகத் தள்ளித் தள்ளி, அண்ணனின் முகம் போய், மார்பு போய், கை போய், தம்பியின் தோள் பாதியில் பெட்டி தொடங்குகிற மாதிரி வைத்தேன். தம்பி தனியாகச் சிரித்தார். நன்றாக இருந்தது. யாரையும் நான் அழிக்கவில்லை. அவர் அங்கேதான் நிற்கிறார், படம் முழுசாகத்தான் இருக்கிறது, பெட்டிக்கு வெளியே தம்பி தோளில் கை போட்டபடி நிற்கிறார், பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியாது. இதை முதலில் நிம்மதியாகத்தான் நினைத்தேன். நினைத்துக்கொண்டே பத்திகளை அடுக்கினேன், முகவரியை வைத்தேன், பட்டனுக்கு நிறம் கொடுத்தேன். அப்புறம் அது மாறியது. அவர் அங்கே நிற்கிறார். திரைக்கு இடது பக்கம், கம்ப்யூட்டரின் கறுப்பு விளிம்புக்கு அந்தப் பக்கம், ஜன்னல் திரைச்சீலை இருக்கிற இடத்தில், வெள்ளை வேட்டியோடு ஒருவர் நிற்கிறார், நான் வேலையை முடிக்கக் காத்திருக்கிறார். திரும்பிப் பார்க்கவில்லை. ஆல்ட் விரல் துடித்துக்கொண்டே இருந்தது. சிறுபிள்ளைத்தனம். திரைச்சீலைக்குப் பின்னால் பஸ் போகிறது, வேறொன்றுமில்லை. போன் அளவில் பார்த்தேன், சரியாக இருந்தது. இந்தத் திரையின் அளவில் பார்த்தேன், சரி. "முடிஞ்சுது சார்" என்றேன்.

ஜெப்ரின் சார் நின்றுகொண்டே எட்டிப் பார்த்தார். மேலும் கீழும் உருட்டினார். கோடைத் திறந்து படித்தார், படிக்கும்போது அவர் முகம் இளகியது. "கிளீனா எழுதியிருக்கீங்கம்மா. இப்படி எழுதுத ஆளுதான் கிடைக்க மாட்டேங்காங்க. படம் வெட்டுறதுக்கு ஆளு குவியுது." எனக்குள் ஏதோ அவிழ்ந்தது. கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்தேன், அவள் படத்தின் முன்னால் போய்ச் சொல்வாள் என்பதும் அந்த யோசனையோடு ஒட்டிக்கொண்டே வந்தது. "இருங்க, நம்ம டிவில போட்டுப் பாப்போம்" என்று மீட்டிங் அறைக்குக் கூட்டிப்போனார். சுவர் அளவுக்கு டிவி. பெட்டிக்கு நான் அளவு கொடுத்திருந்தது பாதி என்று, எதில் பாதி, திரையில் பாதி, திரை பெரிதானால் பாதியும் பெரிதாகும், பெட்டி அகலும், அகன்றால் மறைத்தது தெரியும். வகுப்பில் சேர்ந்த முதல் வாரம் சொல்லித்தருகிற பாடம் இது, அகலத்துக்கு ஒரு எல்லை வை என்பது. எல்லை வைக்கவில்லை. டிவி முழிக்க, பக்கம் விரிந்தது, தம்பியின் தோளுக்குப் பக்கத்தில் ஒரு கை வந்தது, அதற்குப் பின்னால் வெள்ளைச் சட்டை வந்தது, மீசை வந்தது. அவர் என்னைவிட உயரமாகச் சுவரில் நின்றார். கடைசியாகக் கண். நேராகப் பார்த்தது. "ஏயப்பா, திரும்ப வந்துட்டாரே" என்றார் ஜெப்ரின் சார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். மறந்துவிட்டேனா, அல்லது மறக்கட்டும் என்று விட்டேனா, அதை என்னாலேயே சொல்ல முடியவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் அவரிடம் சொன்னேன்.

"அதனாலதாம்மா கேட்டேன், போட்டோஷாப் தெரியுமான்னு. எல்லாத்தையும் பெட்டிய வச்சு மறைக்க முடியாது. சில விஷயத்த எடுத்துத்தான் ஆகணும்." கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நீலச் சதுரத்தைத் திறந்தார். கறுத்த அந்தப் பலகையை இவ்வளவு நாள் கழித்துப் பார்த்தேன், ஊருக்குப் போனால் எதிரே வருகிற வேண்டாத சொந்தக்காரர் மாதிரி அது மாறாமல் இருந்தது. "பாத்துக்கோங்க, இப்பல்லாம் கஷ்டமே இல்ல, சுத்தி ஒரு கோடு போட்டா அதுவே நிரப்பிக்கிடும்." கோடு போட்டார். இன்னும் உள்ளே தள்ளிப் போடணும், தோள் பக்கம் தனியாக எடுக்கணும், கையை வெட்டும்போது சட்டை மடிப்போடு வெட்டக்கூடாது, எல்லாம் வாய்வரை வந்தது, தெரியாதவள் வாயில் அதெல்லாம் வரக்கூடாது. பட்டனை அமுக்கினார். அண்ணன் போனார். கடைத் தூணும் ஒரு சேலைப் பொம்மையும் அவர் நின்ற இடத்தில் வந்து நின்றுகொண்டன. ஒரு பெருமூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. நான் கன்னம் பூச எவ்வளவு பாடுபட்டேன். "அவ்வளவுதான்" என்றார். அவ்வளவு இல்லை. தம்பியின் தோளில் நாலு விரல் நுனி அப்படியே இருந்தது. கையில்லை, மணிக்கட்டில்லை, ஆளில்லை, விரல் நுனி மட்டும், பார்க்கிறவருக்குச் சட்டைச் சுருக்கம் மாதிரி. அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அதைத் தவிர எதுவும் தெரியவில்லை. பெருவிரல் நின்றுவிட்டது, துடிப்பு இல்லை, மவுஸ் ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது, எடு, பூசு, அவ்வளவுதான் வேலை. "சரியா இருக்காம்மா? உங்க கண்ணுக்கு ஏதும் தெரியுதா?" என் கண்ணுக்கு. அம்மாவின் கையை நான் எடுத்தது ஞாபகம் வந்தது. அவள் எடுக்க மாட்டேன் என்றாள், எத்தனை பேர் சொல்லியும் எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன், சுத்தமாக, தடம் தெரியாமல். "சரியா இருக்கு சார்" என்றேன்.

அவர் அதைக் கடைக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். டிவியில் தம்பி சிரித்துக்கொண்டிருந்தார். அனுப்பியது போய்ச் சேர்ந்து, பார்த்ததற்கு அடையாளம் விழுந்து, பதில் வராமல் இருந்தது. ஜெப்ரின் சார் டீ சொல்லட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். பார்த்துவிட்டார். பெரிதாக்கிப் பார்ப்பார். ஜவுளிக்கடைக்காரர், துணியில் விழுகிற சுருக்கத்தையும் விரலையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவரா. போன் போட்டுக் கத்துவார், இவர் என்னைப் பார்ப்பார், நான் என்ன சொல்வேன். அப்புறம் ஒரு குரல் பதிவு வந்தது, சார் அதை ஸ்பீக்கரில் போட்டார். முதலில் கடைச் சத்தம், துணி கிழிகிற சத்தம், யாரோ பாலியெஸ்டர் கேட்கிற சத்தம். பிறகு குமரேசன் அண்ணாச்சி. "பாத்தேன் தம்பி... தோள்ல... அண்ணன் வெரலு மட்டும் இருக்கு." நிறுத்தினார். "இருக்கட்டும். அதத் தொடாண்டாம். வீட்ல உள்ளவங்களுக்குத் தெரியாது. இப்படியே போட்டுருங்க." ஜெப்ரின் சார் டிவிக்குப் பக்கத்தில் போய் மூக்கை ஒட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். பார்த்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "போட்டோஷாப் தெரியாதுன்னு சொன்னீங்க" என்றார். "தெரியும் சார்" என்றேன். "தொட மாட்டேன். வேற என்ன குடுத்தாலும் செய்வேன்." அவர் பயோடேட்டாவை மேஜையில் வைத்துத் தட்டிக்கொண்டே நின்றார். "திங்கக்கிழம வாங்க" என்றார். "பெட்டிக்கு எல்ல வைக்க மட்டும் மறக்காதீங்க."

படிக்கட்டில் பாதியில் நின்றுவிட்டேன். கீழே பைபாஸ் வெயிலில் கொதிக்கிறது, மேலே அலுவலகக் கதவு சாத்திக்கொண்டது. அம்மாவுக்குப் போன் போடத்தான் எடுத்தேன், போடவில்லை. படங்கள் இருக்கிற இடத்துக்குள் போய்ப் பின்னால் பின்னால் தள்ளினேன், ரெஜினா மிஸ், சாயந்தர வகுப்பு, கந்தையா அண்ணாச்சி கடைச் சுவரில் மை கழுவின என் முகம், அதற்கு முந்தினது. திறந்தேன். யாரோ போலத்தான் இருந்தது. உள்ளே எதுவும் அசையவில்லை, நான் பயந்தது பயந்தபடி நடந்தது, காசும் துணியும் பஞ்சுமாக ஒரு வயசான ஆள், யார் வீட்டுச் சாவோ. மூடிவிட விரல் போனது. அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். அம்மாவின் கை, மூட்டு புடைத்த, நகம் வெட்டாத, கண்ணாடி வளையல் இன்னும் உடைக்காத கை, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி கன்னத்தில் படிந்திருந்தது. அந்தக் கை அப்படி வேறு யார் கன்னத்திலும் படியாது. அது படிந்த பக்கமாகத் தலை லேசாகச் சாய்ந்திருந்தது, வண்டி ஓட்டும்போது நான் சொல்வதைக் கேட்க, பார்க்காமலே சாய்க்கிற அதே சாய்வு. கை இருந்த இடத்திலிருந்து தொடங்கி, கன்னம், காது, மூடிய இமை, ஒவ்வொன்றாக ஆள் வந்தார். பெரிதாக்கவில்லை. ஒன்றையும் தொடவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து, அப்பா கண்ணை மூடியிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.